டீச்சருக்கும் எனக்கும் நடுவே ஓர் அடிக்கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாப்பி டிஸ்க்கின் காகித உறை கிடக்கிறது. உள்ளே டிஸ்க் இல்லை. அது பதுளை மழையில் பூஞ்சணம் பிடித்து எப்போதோ வீணாகிவிட்டது. வெள்ளையாக இருந்து பழுப்பேறிப்போன அந்த உறையின் மேல், ஒன்றன் கீழ் ஒன்றாக, 'சரி', 'சரி', 'சரி' என்று எழுதியிருக்கிறது. ஒரு சரி நீல மையில் இருக்கும், அடுத்தது சிவப்பு மையில் இருக்கும். நீலம் என்னுடையது, சிவப்பு டீச்சருடையது. புதிதாகப் பார்க்கிற ஒருவர் ஏதோ ஒழுங்காக நடந்து முடிந்த வேலை என்று நினைத்துக்கொள்வார். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. பதுளை பஜாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் கணக்குகளைப் பார்க்கிற அலுவலகம் இருந்தது. கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதை இயக்குவதற்கென்று என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள். கொழும்பில் தங்கிப் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு வந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம். முதல் சில வாரங்கள் அந்த நாற்காலியின் முன்விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்துக்கு ஒரு யோசனை இருந்தது. நல்ல யோசனைதான். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையைக் கொண்டுவந்து நிறுத்துப் போடுவார்கள். கணக்கப்பிள்ளை நிறுவையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொள்வார். எழுதியது என்ன என்று பறித்தவளுக்குத் தெரியாது. அதை வைத்து எத்தனையோ சண்டை. அதனால் ஒவ்வொருவருடைய பதிவு நம்பரும் அன்றைய நிறையும் தமிழில் அச்சாகி, நிறுக்கும் கொட்டகையில் ஒட்டப்பட வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை வாசித்துச் சொல்லுமே. என் அம்மாவும் அந்தக் கொட்டகையில் கூடையோடு நின்றவள்தான். அப்பா இதைக் கேள்விப்பட்டு, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நின்றுகொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். "நம்ம பய மெஷினுல தமிழு எழுதுறான். இனிமே யாரும் நம்மள ஏமாத்த முடியாது." ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனால் போதும், லயத்தின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் கேள்வி வரும். "என்னா தம்பி, அந்தத் தாளு எப்ப வரும்?"

தாள் அவ்வளவு எளிதில் வருவதாக இல்லை. நிறைகளைக் கூட்டிக் கழித்து வைக்கிற வேலையைப் பாஸ்கலில் நான் எழுதிவிட்டேன். ஆனால் அந்த அச்சு இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் டீச்சரை அழைத்துவந்தார்கள். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவர், பண்டாரவளைக்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் சுருக்கமில்லாத உடுப்போடு போகிறவர்கள். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வெளிநாட்டில் இருந்த அண்ணன் அனுப்பிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, சி என்கிற மொழியைத் தானாகவே படித்திருந்தார். கணக்குப் பாடத்துக்கு வைத்திருந்த கட்டம் போட்ட தாள்களில், எந்தக் கட்டத்தில் புள்ளி விழவேண்டும் என்று பென்சிலால் கறுப்படித்து 'அ'வும் 'ழ'வும் வரைந்திருந்தார். அவ்வளவு அழகான 'ழ'வை நான் அச்சுப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆக, பாதி வேலை பாஸ்கலில், பாதி வேலை சியில். என் நிரல் கணக்கைப் போட்டுவிட்டு, 'எழுத்து' என்று பெயர் வைத்த டீச்சரின் நிரலைக் கூப்பிட வேண்டும். அது வந்து தமிழில் அச்சடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது கம்பைலரின் பொறுப்பு. சேர்க்கும்போதுதான் அது முரண்டு பிடித்தது. நீ கூப்பிடுகிற பெயரில் இங்கே யாரும் இல்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

காரணம் சின்னது. அவ்வளவு சின்னது என்பதுதான் வயிற்றெரிச்சல். சி கம்பைலருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் எந்தப் பெயரைக் கொடுத்தாலும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதற்கு முன்னால் ஓர் அடிக்கோட்டைப் போட்டுக்கொள்ளும். பாஸ்கலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் கோடில்லாமல் கூப்பிடுகிறேன், அங்கே இருப்பவளோ கோடு போட்டவள். அவளுக்குக் காதில் விழாது. நான் என் பக்கத்தில் ஒரு கோட்டைச் சேர்த்தால் போதும். அல்லது டீச்சர் அவர் பக்கத்தில் கோட்டை எடுக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் போதும். இரண்டில் ஒன்று.

ஆனால் ஒரே ஒரு மெஷின். காலை முழுக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கணக்குகளை அதில் ஏற்ற வேண்டும். மெனேஜர் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "ஒங்க தமிழ் வெளையாட்டச் சேத்து ஓட்டுறதெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு முந்தி ஒரு தடவ. அவ்வளவுதான்." பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டு, அது கரகரவென்று அரைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிப்பதற்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும். பிழையை அச்சடித்து மேசையில் வைத்துவிட்டு நான் எழுந்துவிடுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் வேனில் தோட்டங்களுக்குப் போய்க் கணக்குத் தாள்களை வாங்கிவர வேண்டும். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருவது அதன் பிறகு. என் பிழைத்தாளைப் பார்த்து, தன் பக்கத்து வேலையைச் செய்துவிட்டு, சேர்த்துப் பார்க்க நேரமில்லாமல் பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த நாளைத் தவிர நாங்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு பிளாப்பி. அவரவர் பக்கம் முடிந்ததும் உறையில் 'சரி' என்று எழுதி வைக்க வேண்டும்.

முதல் நாள் பிழை வந்தது. டீச்சர் பிற்பகலில் தாளைப் பார்த்திருக்கிறார், கோட்டை எடுத்திருக்கிறார், 'சரி' என்று எழுதிப் போயிருக்கிறார். என்ன செய்தார் என்று எழுதவில்லை. நானும் இரவெல்லாம் அதையே நினைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, காலையில் வந்ததும் என் பக்கத்தில் கோட்டைச் சேர்த்து, 'சரி' என்று எழுதினேன். மதியம் சேர்த்தால், மறுபடியும் பிழை. இப்போது நான் கோடு போட்டுக் கூப்பிடுகிறேன், அங்கே கோடில்லை. அன்று பிற்பகல் டீச்சர் கோட்டைத் திரும்பப் போட்டார். மறுநாள் காலை நான் கோட்டை எடுத்தேன். பிழை. தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் வழிவிடுகிறோம் என்று ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வது போல. அந்தப் பாதையில் முட்டிக்கொண்டாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே எதிரே யார் இருக்கிறார் என்பதே தெரியவில்லை.

டீச்சரின் நிரலைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். நான் திறக்கவில்லை. ஒரு டீச்சர் எழுதியதைத் திறந்து பிழை தேடுவதாவது! அவர் பக்கம் ஏதோ தவறிவிட்டது, நம் பக்கத்தில் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிட்டால் அவருக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தேன். சேதி கொண்டுபோவதற்கு, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி நாங்கள் நானா என்று கூப்பிட்ட பியோன் இருந்தார். பஜாரில் வளர்ந்தவர், வாயை அடக்கத் தெரியாதவர். காலையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துக்கொண்டே, 'சொல்ல' என்பது 'செல்ல' என்று வருகிற தன் பேச்சில் சொல்வார், "தம்பி, டீச்சர் செல்லச் சென்ன. ஒங்கட பக்கம் ஒரு கொறையும் இல்லயாம்." நானும் பதிலுக்கு, "அவங்க பக்கமும் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க நானா" என்பேன். ஒரு நாள் அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒங்கட பக்கமும் சரி, அவங்கட பக்கமும் சரி. அப்ப மெஷின்தான் பொய் செல்லுது, என்ன?" எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவரிடம் காட்ட முடியாமல் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அதற்குள் கொழும்பிலிருந்து செய்தி வந்துவிட்டது. டிரெக்டர் வருகிறார். தமிழ்த்தாள் வேலை செய்தால் மெஷின் பதுளையில் இருக்கும். இல்லாவிட்டால் திரும்ப ரயிலில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மெஷின் போனால் அதை இயக்குகிறவனுக்கு என்ன வேலை? மெனேஜர் ஐயா இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கே போகவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

கடைசியில் எங்களைச் சேர்த்துவைத்தது நாட்டு நிலைமைதான். கடைகளை மூடச் சொல்லி யாரோ இரவோடு இரவாகச் சுவரில் துண்டுப் பிரசுரம் ஒட்டிவிட்டுப் போகிற காலம் அது. அப்படி ஒரு நாள் பஜார் பாதியில் மூடப்பட்டது, பஸ் நின்றது, பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டார்கள். வேன் போகாததால் நான் ஆபீசில் இருந்தேன். பண்டாரவளைக்குப் போக வழியில்லாமல், குடையை மடக்கிக்கொண்டு டீச்சர் படியேறி வந்தார். நான் துள்ளி எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி, எதுக்கு எந்திரிக்கிறீங்க?"

"இல்லைங்க டீச்சர், நீங்க உக்காருங்க."

இருந்தது ஒரு நாற்காலி. அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. பியோன் நானா பக்கத்து அறையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து டொக்கென்று போட்டார். போட்ட விதத்தில் எல்லாம் இருந்தது. பஜார் அடங்கிக் கிடந்தது. கீழே கடைக்காரர் பலகைக் கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. மெனேஜர் ஐயா நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டதால் மெஷின் எங்களுடையது. முதல் தடவையாக இருவருடைய நிரலையும் திரையில் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தோம்.

"இந்தக் கோட்ட யாரு போட்டது?" என்றார் டீச்சர்.

"நான்தாங்க."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில."

"நான் நேத்துதானே என் பக்கத்துல கோட்ட எடுத்தேன்! சரி, அதுக்கு முந்தி?"

"முந்தி நான் எடுத்திருந்தேங்க."

"அன்னிக்கி நான் போட்டேனே!" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தலை குனிந்தது. "அப்ப இத்தன நாளா? தம்பி, இத்தன நாளா? கோடு போட்டேன்னு ஒரு வார்த்த எழுதி வைக்கக் கூடாதா?"

"அது... நீங்க டீச்சர். உங்க பக்கம் தப்புன்னு நான் எப்படிங்க..."

"டீச்சர்னா தப்புப் பண்ண மாட்டாளா? இது என்னா மரியாதை? இந்த மரியாதையால எத்தன நாள் போச்சு!" கையில் இருந்த குடையை அவர் மேசையில் அடித்த அடியில், பிளாப்பி உறைகள் சரிந்து விழுந்தன.

எனக்கும் எங்கிருந்தோ சூடு ஏறியது. "நீங்க மட்டும் ஏங்க டீச்சர் சொல்லல? எனக்கு நீங்க மரியாதை குடுக்கத் தேவையில்லையே!"

அவர் குடைத்துணியின் ஈரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "லயத்துல இருந்து படிச்சு வந்த பிள்ளை. முதல் வேலை. தப்புன்னு சொன்னா மனசு விட்டுப்போயிடும்னு நெனச்சேன். பாவம்னு..."

அந்தப் 'பாவம்' என்னை அடித்தது போல இன்றுவரை எந்தக் கம்பைலர் பிழையும் அடித்ததில்லை. நான் அவரை மரியாதையால் மூடி மறைத்திருந்தேன், அவர் என்னை இரக்கத்தால் மூடி மறைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சமமாக நினைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை. "எனக்குப் பாவம் பாக்க வேணாங்க" என்றேன்.  டீச்சர் குடையை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். "சரி. எனக்கும் மரியாதை வேணாம். தப்புன்னா மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லணும். யாரு முன்னால இருந்தாலும் சரி."

அன்றைக்குப் பேசி முடிவு செய்தோம். பாஸ்கலின் வழக்கப்படியே எல்லாம் இருக்கட்டும், கோடில்லாமல் இருக்க வேண்டியது டீச்சரின் பக்கம், நான் இனிமேல் கையை வைக்கக் கூடாது. அவர் நேற்று எடுத்த கோடு எடுத்தபடியே இருந்தது. நான் காலையில் போட்டதை அழித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் வேலை. இரண்டும் சேர்ந்துகொண்டன, பிழைவரி வரவில்லை. பரீட்சைக்காக நம்பருக்கு ஒரு பத்து, நிறைக்கு ஒரு பத்து கொடுத்துப் பார்த்தோம். 'பத்தாம் நம்பர், பத்துக் கிலோ' என்று டீச்சரின் எழுத்தில் தமிழ் அச்சாகி வந்தது. பியோன் நானா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெஷின் மேல பழி போட்டது பாவம்" என்றார்.

டிரெக்டர் வந்த நாள். கொழும்பிலிருந்து அவரோடு இரண்டு பேர், எங்கள் மெனேஜர் ஐயா, தோட்டத் துரை ஒருவர் என்று அந்தச் சின்ன அறையில் மூச்சுவிட இடமில்லை. டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உண்மையான ஒரு தோட்டத்தின் உண்மையான கணக்கை ஏற்றி ஓடவிட்டேன். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. துரை குனிந்து எண்களைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். டிரெக்டரும் எட்டிப் பார்த்தார். பதினெட்டாம் நம்பர்ப் பெண் ஒரே நாளில் இருநூற்றுப் பதினாலு கிலோ கொழுந்து பறித்திருந்தாள். "இந்த அம்மாவுக்கு ஒரு லொறி தனியாக அனுப்பினீர்களா?" என்று டிரெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மெனேஜர் ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கொஸ்லந்தை பஸ் தெரிந்தது.

தாளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பெயரில் மட்டுமல்ல, கொடுப்பதை வாங்கிக்கொள்கிற வரிசையிலும் இந்த இரண்டு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. நான் முதலில் நம்பரையும் பிறகு நிறையையும் கொடுக்கிறேன். சி அதைத் தலைகீழாக வாங்கிக்கொள்கிறது. இருநூற்றுப் பதினாலாம் நம்பர்ப் பெண் பறித்தது பதினெட்டுக் கிலோ. நாங்கள் பத்தும் பத்தும் கொடுத்துப் பார்த்த புத்திசாலிகள். தலைகீழாக்கினாலும் பத்து பத்துதானே! டீச்சர் கோட்டை மட்டும் எடுக்காமல், இது பாஸ்கல் வழக்கப்படி நடக்க வேண்டிய நிரல் என்று ஒற்றைச் சொல்லைச் சேர்த்திருந்தால், கோடும் போயிருக்கும், வரிசையும் சரியாகியிருக்கும்.

"யாருடைய பிழை?" என்று டிரெக்டர் கேட்டார். மெனேஜர் ஐயா, "சின்னப் பையன் சார், புதுசு" என்று தொடங்கினார். என் கைகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. துரைமார் முன்னால் அப்பா நிற்கிற அதே நிலை. தலையை ஆட்டிவிட்டு நின்றிருந்தால் பழி என்மேல் விழுந்திருக்கும், டீச்சரின் மரியாதை தப்பியிருக்கும், மெஷின் ரயிலேறியிருக்கும். நான் கைகளைப் பிரித்துக்கொண்டு திரும்பினேன்.

"டீச்சர், தப்பு உங்க பக்கம்."

 கதவோரம் நின்ற பியோன் நானா கையில் இருந்த தட்டைக்கூட அசைக்கவில்லை.

"எங்க?" என்றார் டீச்சர்.

"வரிசையில. நான் நம்பர முதல்ல தர்றேன். நீங்க நிறையை முதல்ல எடுக்குறீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார், ஒரு கணம்தான். "ஆமா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் பக்கந்தான். எந்திரிங்க தம்பி." நான் எழுந்தேன், அவர் உட்கார்ந்தார். அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினார். பிளாப்பி அதன் பாட்டுக்குக் கரகரவென்று அரைத்தது. அந்த நேரத்துக்குள் பியோன் நானா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, கோப்பைகளையும் திரும்ப எடுத்துவிட்டார். பிறகு தாள் வந்தது. இருநூற்றுப் பதினாலாம் நம்பர், பதினெட்டுக் கிலோ. துரை தன் கையில் இருந்த கணக்கோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார், தலையை ஆட்டினார். டிரெக்டர் தாளின் தலைப்பில் 'கொழுந்து' என்பதில் இருந்த அந்த 'ழ'வின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பாராட்டு என்று வேறு எதுவும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

தாள் கொட்டகையில் ஒட்டப்பட்டது. அம்மாவின் நிறையை அடுத்த லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வாசித்துச் சொன்னாளாம். அம்மா அதை நம்பாமல் இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னாளாம். அப்பா வழக்கம் போல, மெஷினையே மகன்தான் செய்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பொறுப்பு கூடியதால் ஆபீசுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னைவிடச் சிறியவர்கள், கெட்டிக்காரர்கள். மொழிகளைச் சேர்த்து எழுதுவது இப்போது பெரிய விஷயமில்லை. ஆனால் என் நிரலில் பிழை இருந்தால் எவனும் வாயைத் திறப்பதில்லை. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் தன் பக்கத்தில் எதையோ மாற்றிவைக்கிறான். நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறேன். போன வாரமும் அப்படி ஒருவன் செய்தான். கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்த உறையை அவன் முன்னால் வைத்தேன்.

நீலச் சரி, சிவப்புச் சரி, நீலச் சரி, சிவப்புச் சரி என்று அவன் விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தான். கடைசி வரியில் நின்றான். டிரெக்டர் போன பிறகு, அன்று மாலை நான் நீல மையில் எழுதிய ஒரே சொல் அது: 'தப்பு'. அதன் பக்கத்தில், பரீட்சைத்தாள் திருத்துகிற அழுத்தத்தோடு, சிவப்பு மையில் டீச்சர் போட்ட ஒரு பெரிய சரி அடையாளம்.